பழைய கார் எஞ்சின் ஆயில் குடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால், “வண்டி ஆயில் குடிக்கிறது” என்ற பேச்சு வாரம் தவறாமல் என் காதில் விழுகிறது. பிரிக்கத் தேவையில்லாத எஞ்சின்களைப் பிரித்துப் போடுவதையும், அரை லிட்டர் ஆயில் ஊற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய எஞ்சின்கள் பாழாவதையும் பலமுறை பார்த்த வருத்தத்தில்தான் இந்தக் கேள்விகளைத் தொகுத்தேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

நல்ல எஞ்சின் என்றால் ஒரு சொட்டு ஆயில்கூடக் குறையக் கூடாது அல்லவா?

அப்படி ஓர் எஞ்சின் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசிவிடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள மூன்று ரிங்குகளில் (வளையங்களில்) மூன்றாவதான ஆயில் ரிங் அந்தப் படலத்தை வழித்துக் கீழே அனுப்புகிறது என்றாலும், மிஞ்சுகிற துளி ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது. வால்வுத் தண்டுகளுக்கும் இதே போலச் சிறிதளவு ஆயில் தேவை. வாங்கெல் வகைச் சுழல் எஞ்சினில் ஆயிலைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்தி எரிப்பதே வடிவமைப்பின் ஒரு பகுதி.

எவ்வளவு வரை ஏற்கலாம் என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைகூடச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. உத்தரவாதக் கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதற்கான எல்லையாகவே அந்த எண்ணை நான் கருதுகிறேன். ஆரோக்கியமான எஞ்சினின் அடையாளமாகக் கருதுவதில்லை. 5000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைந்தால் கவலைப்படத் தேவையில்லை. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

ஆயில் குறைகிறது என்று தெரிகிறது. எவ்வளவு குறைகிறது என்று எப்படிச் சரியாகச் சொல்வது?

சமதளமான ஒரே இடத்தில், எஞ்சின் சூடாகி நின்று பத்து நிமிடம் கழிந்த பின், ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் நுழைத்து எடுத்துப் பாருங்கள். மேல்கோடு வரை ஆயிலை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, 1000 கிலோமீட்டர் ஓட்டிய பின் அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் மேல்கோடு வரை நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய அளவுதான் விடை. அதனால் அளவுக் குவளை இல்லாமல் ஊற்றாதீர்கள்.

பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. பிஸ்டன்களின் இயக்கத்தால் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும்; அந்த நுரை காற்றோட்டக் குழாய் வழியே எஞ்சினுக்குள் போய் எரியும். “எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடுகிறது” என்று வந்த வண்டிகளில் சில, கூடுதலாக ஊற்றியதாலேயே குடித்தவை.

குறைகிற ஆயில் எரிகிறதா, ஒழுகுகிறதா?

இதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. இரவில் வண்டியின் அடியில் பெரிய அட்டையை விரித்துவைத்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சொட்டு இல்லாததை மட்டும் வைத்து ஒழுகவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. எஞ்சின் சூடாகி, ஆயில் அழுத்தத்தோடு ஓடும்போது மட்டும் கசியும் இடங்கள் உண்டு. எஞ்சின் உச்சியை மூடும் வால்வு கவருக்கு அடியிலுள்ள கேஸ்கெட் என்ற அடைப்பிலிருந்து கசிகிற ஆயில், சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் விழுந்து அங்கேயே கருகிவிடும்; தரையில் கறை இருக்காது, வண்டியை நிறுத்தியதும் கருகல் வாடை மட்டும் வரும்.

எஞ்சினின் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால், புதிதாக நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். வால்வு கவர், ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், வடிகால் போல்ட், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலுள்ள பின் சீல் ஆகியவற்றை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆயில் பெரும்பாலும் கீழ்நோக்கியே வழியும் என்பதால், நனைந்த பகுதியின் உச்சிதான் பெரும்பாலும் கசிவின் ஊற்று.

சைலன்சரில் நீலப் புகை வருகிறது. ரிங் போய்விட்டதா?

நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் புகை வரும் நேரம் காட்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு கொத்துப் புகை வந்து, சற்று நேரத்தில் நின்றுவிட்டால் வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகியுங்கள். வண்டி நிற்கும்போது வால்வுத் தண்டு வழியாக மெல்ல இறங்கித் தேங்கிய ஆயில், கிளப்பியதும் எரிந்து தீர்கிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கி, கீழே வந்து மீண்டும் மிதிக்கும்போது புகை வந்தாலும் இதே சந்தேகம்தான். காற்று நுழைவதைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் மிகும். தளர்ந்த சீல் வழியே அந்த வெற்றிடம் ஆயிலை உறிஞ்சிவிடும்.

மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் தொடர்ச்சியாகப் புகை தள்ளினால், ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா நேரமும் புகைந்தால் காரணம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம்.

நிறத்தையும் கவனமாகப் பாருங்கள். கறுப்புப் புகை எரிபொருள் மிகுதியால் வருவது. குளிரில் முதல் சில நிமிடங்கள் வருகிற வெள்ளை ஆவி இயல்பானது. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது, அது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் தொடர்பான வேறு நோய்.

புகையே இல்லை, ஒழுகலும் இல்லை. ஆனாலும் ஆயில் குறைகிறது. எங்கே போகிறது?

பெரும்பாலும் எரிந்துதான் போகிறது. புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைப்பதற்காக உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடாகியிருந்தால், சிறிதளவு ஆயில் புகையை அதுவே எரித்துவிடும். பின்னால் நிற்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த உதவிக்கு ஒரு விலை உண்டு: ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸ், கன்வெர்ட்டரின் உட்பரப்பில் படிந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கச் செய்கிறது. புகை இல்லை என்ற ஆறுதலில் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள், கடைசியில் கன்வெர்ட்டரையும் மாற்ற நேர்ந்திருக்கிறது.

மெக்கானிக் நேராக எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு; இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். எந்த எஞ்சினிலும் எரிந்த வாயுவில் சிறு பகுதி ரிங்குகளைத் தாண்டிக் கீழே, கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதை வெளியே விடாமல் மீண்டும் உள்ளிழுக்கும் குழாய்க்கே அனுப்புவதற்காகப் பிசிவி வால்வு என்ற சிறிய உறுப்பு பெட்ரோல் எஞ்சின்களில் இருக்கிறது. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வாயுவோடு ஆயில் ஆவியும் உறிஞ்சப்பட்டு எரிகிறது. மூடியபடியே அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல்கள் வழியாகவும் ரிங்குகள் வழியாகவும் ஆயில் தள்ளப்படுகிறது. அறிகுறிகள் ரிங் தேய்ந்ததைப் போலவே இருக்கும். தீர்வோ பெரும்பாலான வண்டிகளில் சில நிமிட வேலை.

சோதிப்பதும் எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளிழுக்கப்பட்டால் நல்லது. மூடியைத் திறக்கவே முடியாதபடி பலமாக இழுத்தாலோ விசில் சத்தம் கேட்டாலோ, உள்ளேயுள்ள ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். தாளைத் தள்ளிக்கொண்டு புகை வெளியே வந்தால், பிசிவி வழி அடைத்திருக்கிறது அல்லது ரிங் வழியாக வாயு மிகுதியாக இறங்குகிறது. எனவே குழாய்களைச் சுத்தம் செய்து, வால்வை மாற்றிவிட்டு, இரண்டாவது பதிலில் சொன்ன 1000 கிலோமீட்டர் அளவீட்டை மறுபடியும் செய்யுங்கள். சில எஞ்சின்களில் இந்த வால்வு, வால்வு கவரோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். அப்போது கவரையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்பார்க் பிளக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே?

ஓரளவு சொல்லலாம். எந்தச் சிலிண்டரின் பிளக் என்று மறக்காமல் வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்போ சாம்பலோ நல்ல நிறம். ஒரே ஒரு பிளக் மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தால் குற்றம் அந்தச் சிலிண்டரில். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பிசிவி போன்ற பொதுவான காரணத்தை மறுபடி பாருங்கள். பிளக்கின் மேல்பகுதியும் அது இறங்கும் குழியும் மட்டும் ஆயிலாக இருந்தால், அது வால்வு கவரிலுள்ள பிளக் குழி சீலின் கசிவு. உள்ளே எரிவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கம்ப்ரஷன் டெஸ்டில் எல்லாச் சிலிண்டரும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் ரிங் நன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இந்த டெஸ்ட் அளக்கிற கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் ஏறும் அழுத்தத்தை, தாங்குவது மேலுள்ள இரண்டு ரிங்குகள். ஆயிலை வழிப்பது மூன்றாவது ரிங். அது கார்பனில் ஒட்டிக்கொண்டு, ஆயில் திரும்பி இறங்கும் சிறு துளைகள் அடைபட்டுப்போனாலும், மேல் ரிங்குகள் நன்றாக இருந்தால் அளவுமானி நல்ல எண்ணையே காட்டும். சொல்லப்போனால், சிலிண்டரில் மிஞ்சிய ஆயிலே இடைவெளியை அடைத்துக் கம்ப்ரஷனைச் சற்று உயர்த்தியும் காட்டும். டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினில் பரவலாக அறியப்பட்ட ஆயில் குடிக்கும் கோளாறு, இந்த மூன்றாவது ரிங் சார்ந்ததுதான்.

ஆனாலும் சோதனையைக் கைவிட வேண்டாம். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஐந்தாறு சுற்று கிராங்க் செய்யுங்கள் (ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள்). மிகக் குறைந்த எண், மிக உயர்ந்த எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் சோதித்து, எண் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் குறை; ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இன்னும் துல்லியம் வேண்டுமானால், பிஸ்டனை மேல் உச்சியில் நிறுத்திச் சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தும் லீக்டவுன் சோதனையைக் கேளுங்கள். ஆயில் மூடியில் காற்றுச் சத்தம் கேட்டால் ரிங், புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் நின்றுவிடுமாமே?

நிற்காது, குறையலாம். 5டபிள்யூ-30 ஆயில் (பின்னால் வரும் எண் பெரிதானால் சூட்டில் ஆயில் கெட்டி) கேட்கும் தேய்ந்த எஞ்சினில் 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 ஊற்றினால், சூட்டில் ஆயில் சற்றுக் கெட்டியாக இருப்பதால் வால்வு சீல் வழியும் ரிங் வழியும் இறங்குவது மட்டுப்படும். கையேடு அனுமதிக்கிற எல்லைக்குள் இதைச் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு மேல் கெட்டியாகப் போனால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது மேல்பகுதிக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு டைமிங் அமைப்புகளும் தடுமாறும். மூன்றாவது ரிங் ஒட்டிக்கொண்ட எஞ்சினில் கெட்டி ஆயிலால் பெரிய பயன் இருக்காது.

அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்கென்று விற்கும் ஆயிலில், இறுகிப்போன ரப்பரை மென்மையாக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கும். சீல் கசிவுக்கு அது ஓரளவு உதவும். தேய்ந்த உலோகத்தை எந்தப் புட்டியாலும் வளர்க்க முடியாது.

எஞ்சினைப் பிரிக்காமல் ஒட்டிய ரிங்கை விடுவிக்க முடியுமா?

சில நேரம் முடியும், அதனால் பிரிப்பதற்கு முன் முயன்று பார்ப்பது நியாயமே. எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன்களைப் பாதி உயரத்தில் நிறுத்தி, கார்பன் கரைக்கும் திரவத்தை ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு விட்டு, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். இடையிடையே கிராங்கைக் கையால் சற்று அசைத்துக் கொடுத்தால் திரவம் ரிங் பள்ளத்துக்குள் இறங்கும்.

மறுநாள் செய்ய வேண்டியதில்தான் ஆபத்து இருக்கிறது. மிஞ்சிய திரவத்தை உறிஞ்சி எடுத்த பின், பிளக்குகளை மாட்டாமலேயே, துளைகளின் மேல் துணியைப் போட்டு, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்துச் சில சுற்று கிராங்க் செய்யுங்கள். திரவம் தேங்கிய சிலிண்டரில் பிளக்கை மாட்டிக் கிளப்பினால், திரவம் சுருங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கீழே இறங்கிய திரவம் ஆயிலோடு கலந்திருக்கும். எனவே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பின்னரே எஞ்சினை ஓட்ட வேண்டும். முதல் முறை புகை அதிகமாக வருவது இயல்பு.

ஆயிலில் கலந்து ஓட்டும் ஃப்ளஷ் வகைகளில் எச்சரிக்கை தேவை. பல ஆண்டு அழுக்கு படிந்த எஞ்சினில் அவை பெரிய கட்டிகளைப் பெயர்த்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடலாம். அத்தகைய எஞ்சினில் நல்ல ஆயிலை ஊற்றிக் குறுகிய இடைவெளிகளில் மாற்றி, மெல்லச் சுத்தமாக்குவதையே நான் விரும்புகிறேன்.

வால்வு சீல் மாற்ற ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டுமா?

பல எஞ்சின்களில் வேண்டியதில்லை. பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தியோ, நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் நிறைத்துப் பிஸ்டனை உயர்த்தியோ வால்வுகள் கீழே விழாமல் தாங்கிக்கொண்டு, ஸ்பிரிங்கை அழுத்திச் சீலை மாற்றலாம். வால்வுத் தண்டு, அது நகரும் குழலான கைடுக்குள் பக்கவாட்டில் ஆடுகிறதா என்பதை அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் புதிய சீல் சில மாதங்களில் மறுபடியும் தேய்ந்துவிடும். அப்போது ஹெட்டைக் கழற்றிக் கைடையும் மாற்றுவதே சரி.

எஞ்சினைப் பிரித்துவிட்டோம். ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, போர் போட வேண்டுமா?

கண்ணால் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், குறுக்காக இரண்டு திசைகளில் அளந்து, மேலிருந்து கீழே குறுகியிருக்கிறதா, வட்டம் நீள்வட்டமாகியிருக்கிறதா என்று சர்வீஸ் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லைக்குள் இருந்தால் ஹோனிங் செய்து (சுவரை மெல்லத் தேய்த்துக் கீறலிட்டு) புதிய ரிங் போடலாம். தாண்டியிருந்தால் போர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுவதைத் தவிர வழியில்லை.

ஹோனிங்கைத் தவிர்க்கச் சொல்லி வேலையைச் சுருக்காதீர்கள். பளபளவென்று கண்ணாடியாகிவிட்ட சுவரில் ஆயில் தங்காது, புதிய ரிங்கும் பொருந்தி அமராது. குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கீறல்கள் அதற்குத் தேவை. ரிங் முனை இடைவெளியைச் சிலிண்டருக்குள் வைத்து அளப்பதும், குறியிட்ட பக்கம் மேலே இருக்கும்படி மாட்டுவதும், மூன்று ரிங்குகளின் முனைகளும் ஒரே நேர்கோட்டில் வராமல் திருப்பி வைப்பதும் சின்ன விஷயங்களாகத் தோன்றும். இவற்றில் ஒன்று பிசகினாலும் எஞ்சினை மறுபடியும் இறக்க நேரிடும்.

ரிங் மாற்றிய பிறகும் ஆயில் குறைகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட வேண்டாம். புதிய ரிங் சுவரோடு பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை ஆயில் சற்றுக் குறையும். அந்தக் காலத்தில் வண்டியை வெறுமனே ஐடிலில் ஓடவிடாதீர்கள். வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது என்பதால், மிதமாக வேகமெடுப்பதும் காலை எடுத்து வேகம் குறையவிடுவதுமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதல் 1000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அதன் பின் அளக்கத் தொடங்குங்கள். அதன் பிறகும் குறைந்தால், பிரித்தபோது வால்வு சீலையும் பிசிவி வால்வையும் மாற்றினார்களா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

டீசல் டர்போ வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ரிங், வால்வு, கிராங்க் கேஸ் காற்றோட்டம் பற்றிச் சொன்னவை பொருந்தும். கூடுதலாக, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பார்க்க வேண்டும். அதன் அச்சு ஆயிலில்தான் சுழல்கிறது. சீல் தேய்ந்தாலோ, ஆயில் திரும்பும் குழாய் அடைத்தாலோ, ஆயில் காற்றுக் குழாய்க்குள் போகும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் மெல்லிய ஈரம் இருப்பது இயல்பு. வழிந்து கொட்டினால் இயல்பில்லை.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். காற்றோடு மிகுதியான ஆயில் போனால் டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். கையால் கியர் போடும் வண்டியானால் பிரேக்கை அழுத்தி மிதித்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு அணைக்கலாம். இல்லையேல் காற்று நுழையும் வாயைப் பலகை போன்ற தட்டையான ஒன்றால் அடைக்க வேண்டும். கையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். எஞ்சின் வெடித்துவிடும் நிலைக்குப் போய்விட்டால், விலகி நிற்பதே சரி.

நகருக்குள் ஓட்டும்போது குறைவதே இல்லை. நெடுஞ்சாலையில் ஒரே பயணத்தில் முக்கால் லிட்டர் குறைந்துவிட்டது. எப்படி?

எஞ்சின் முழுதும் சூடாகாத குறுகிய பயணங்களில், எரியாத எரிபொருளும் நீராவியும் ஆயிலில் கலந்து சேர்கின்றன. ஆயில் எரிந்து குறைகிற அளவை இவை நிரப்பிவிடுவதால் டிப்ஸ்டிக்கில் மட்டம் மாறுவதில்லை. நெடும்பயணத்தில் ஆயில் நன்றாகச் சூடேறியதும் அவை ஆவியாகி, மறைந்திருந்த குறைவு ஒரே நாளில் வெளிப்படுகிறது. துகள் வடிகட்டியுள்ள டீசல் வண்டிகளில், வடிகட்டியைச் சுத்தப்படுத்தக் கூடுதலாகச் செலுத்தும் டீசல் ஆயிலில் இறங்குவதால் மட்டம் உயரவும் செய்யும். மட்டம் உயர்ந்தாலோ டிப்ஸ்டிக்கில் எரிபொருள் வாடை வந்தாலோ ஆயிலை உடனே மாற்றுங்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது.

சரிசெய்யாமல், ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?

1500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைந்து, எஞ்சின் மற்றபடி நன்றாக ஓடி, பிளக்குகள் அடைக்காமல், புகைப் பரிசோதனையிலும் தேறினால், பழைய வண்டியை அப்படியே பராமரிப்பது தவறான முடிவில்லை. ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் ஒழுங்கு உங்களுக்கு வேண்டும். அந்த ஒழுங்கு இல்லாதவருக்கு இந்த வழியை நான் சொல்வதில்லை.

குறைந்தால்தான் ஆயில் விளக்கு எரியுமே, அப்போது ஊற்றினால் போதாதா?

போதாது. அந்தச் சிவப்பு விளக்கு பெரும்பாலான வண்டிகளில் ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறது, மட்டத்தை அல்ல. ஆயில் குறைந்து அது எரியும்போது பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்று பொருள். பேரிங்குகள் அந்தக் கணத்திலேயே தேய்கின்றன. வளைவில் திரும்பும்போது மட்டும் மின்னி மறைந்தாலும், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். மட்டத்தைப் பார்த்து ஊற்றிய பிறகும் விளக்கு அணையாவிட்டால் வண்டியை இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

அடிக்கடி புது ஆயில் ஊற்றுகிறேன். அப்படியானால் ஆயில் மாற்றவே வேண்டாம்தானே?

மாற்றியாக வேண்டும், இயன்றால் மற்றவர்களைவிட முன்னதாகவே. நீங்கள் ஊற்றுகிற புது ஆயில், உள்ளே இருக்கும் அழுக்கோடும் அமிலத்தோடும் கலக்கிறது. எரிந்து போவது ஆயில்தான், அழுக்கு அங்கேயே தங்குகிறது. ஃபில்டரும் நிரம்பிக்கொண்டே போகிறது. தேய்ந்த ரிங் வழியே எரிந்த வாயு அதிகமாக இறங்குவதால், ஆயில் குடிக்கும் எஞ்சினில் ஆயில் விரைவாகவே கெடும். கெட்ட ஆயில் இன்னும் கார்பனைப் படியவைத்து, மூன்றாவது ரிங்கின் துளைகளை மேலும் அடைக்கும். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று இருந்தால், இத்தகைய வண்டிக்கு 5000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்கிறேன்.